பச்சிளங்குழந்தைகளின் குடலுக்காக: மருத்துவ நெறிமுறைகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பச்சிளங்குழந்தை மருத்துவர்களுக்கும், பிரசவப் பிரிவுகளை நடத்துபவர்களுக்கும், அங்கே இரவு பகலாக நிற்கும் செவிலியர்களுக்கும், உங்கள் எல்லோருக்கும் நெறிமுறை எழுதித் தரும் குழுக்களுக்கும் வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. நோயெதிர்ப்பியல் படித்து, அதையே சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு குழந்தையின் குடலில் நோயெதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிக் கடந்த 20 ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் நிறையவே கண்டறிந்திருக்கின்றன. அவற்றில் பல, உங்கள் வார்டில் தினமும் எடுக்கப்படும் முடிவுகளோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. அந்த அறிவு ஆய்விதழ்களிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். பிறந்த முதல் வாரங்களில் எந்த மருந்தைத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எந்தப் பாலைக் கொடுப்பது, தாயையும் சேயையும் எங்கே படுக்க வைப்பது என்று நீங்கள் முடிவெடுக்கும்போதெல்லாம், அது அந்தக் குழந்தையின் குடல் நோயெதிர்ப்பு பயிற்சி பெறும் காலத்தில் எடுக்கும் முடிவு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை, மஞ்சள் காமாலை, தொற்று ஆகியவற்றுக்கு உங்கள் தாள்களில் கட்டங்கள் இருக்கின்றன. இதற்கு இல்லை.

பிறந்த குழந்தையின் நோயெதிர்ப்பு பலவீனமானது, அது இன்னும் முழுதாக வளரவில்லை என்று பெற்றோரிடம் சொல்கிறோம். இது பாதி உண்மை. குடலின் நோயெதிர்ப்பு உறுப்புகளைக் கட்டும் வேலை கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. 1677-இல் யோஹான் கொன்ராட் பேயர் விவரித்த, சிறுகுடலில் அங்கங்கே காணப்படும் நிணநீர்த் திட்டுகள், மனிதக் கருவில் ஐந்தாம் மாதவாக்கிலேயே உருவாகிவிடுகின்றன. கருவின் குடற்சுவரில் நோயெதிர்ப்பை இயக்கும் டி செல்களும் இருக்கின்றன. கட்டடம் தயார்தான், ஆனால் வேலை தொடங்கவில்லை. அந்தத் திட்டுகளுக்குள், நோயெதிர்ப்புப் புரதங்களுக்கு மூலமான பி செல்கள் தங்களைக் கூர்தீட்டிக்கொள்ளும் மையங்கள் பிறந்த பிறகுதான் உருவாகின்றன. ஆரோக்கியமான கரு நுண்ணுயிரிகளோடு வாழ்வதில்லை என்பதே இதற்குக் காரணம். கருப்பையில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றனவா என்று சில ஆண்டுகள் சூடான விவாதம் நடந்தது. அப்படிக் காட்டிய தரவுகளுக்கு மாதிரிகளில் கலந்த மாசுதான் காரணம் என்று 2023-இல் நேச்சர் இதழில் பல துறை ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை விளக்கியது.

மற்ற பாதி உண்மை இன்னும் சுவையானது. பிறந்த குழந்தை அடங்கிக் கிடப்பது வலுவில்லாததால் மட்டும் அல்ல, அதன் உடல் தன்னைத்தானே அடக்கி வைத்திருப்பதாலும்தான். தாயின் செல்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் நிணநீர்க் கணுக்களுக்கு வருகின்றன என்றும், அவற்றைத் தாக்காமல் பொறுத்துக்கொள்ளும்படி கருவிலேயே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகின்றன என்றும் 2008-இல் சயின்ஸ் இதழில் ஜோசப் மெக்யூனின் குழு காட்டியது. 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில், பிறந்த சுண்டெலிகளிடம் ஏராளமாக இருக்கும் முதிராத சிவப்பணுக்கள் நோயெதிர்ப்பு செல்களின் வேகத்தைக் குறைத்து வைப்பது தெரிந்தது. அப்படிக் குறைக்காவிட்டால், பிறந்தவுடன் குடலுக்குள் வந்து குவியும் பாக்டீரியாக்களைக் கண்டு அந்தக் குட்டி உடல் கொந்தளித்துவிடும். இதை வெறும் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரப்போகும் விருந்தாளிகளுக்காக வாசலைத் திறந்து வைத்திருக்கிறது அந்த உடல். அதே திறந்த வாசல் வழியாகக் கிருமியும் வரலாம் என்பது உண்மை. உங்கள் பயம் நியாயமானதுதான்.

பிறந்த பிறகு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்லவரும் விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நம் உடலில் நோயெதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்களில் பெரும்பாலானவை குடற்சுவரில்தான் இருக்கின்றன. அவை முக்கியமாகத் தயாரிப்பது ஐஜிஏ என்ற வகை. குடலின் உட்பரப்பில் இருக்கும் சளியில் அது சேர்ந்து, பாக்டீரியாக்களை எல்லைக்குள் வைத்துப் பழக்குகிறது. பிறந்த அன்று குழந்தையிடம் இந்தச் செல்கள் ஏறக்குறைய இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டுகின்றன, அப்புறம் மெல்ல மெல்லப் பெருகுகின்றன. அவற்றைத் தூண்டுவது வந்து குடியேறும் நுண்ணுயிரிகளே. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த சுண்டெலிகளைப் பாருங்கள்: பேயர் திட்டுகள் சிறுத்துப்போயிருக்கும், ஐஜிஏ செல்கள் மிகக் குறைவாக இருக்கும், குடலின் மேல்தோல் செல்களுக்கு இடையே காவலிருக்கும் டி செல்களும் குறைந்திருக்கும். பேயர் திட்டுகளைத் தவிர, குடலில் சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகளும் இருக்கின்றன. அவை பிறந்த பிறகே உருவாகின்றன. பாக்டீரியாவின் சுவரிலிருந்து உதிரும் ஒரு துணுக்கை நாட் 1 என்ற உணரி மோப்பம் பிடிப்பதால்தான் அவை முதிர்கின்றன என்று 2008-இல் நேச்சரில் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது நுண்ணுயிரி இல்லாமல் அந்த உறுப்பே முழுமையடைவதில்லை.

இங்கேதான் தாய்ப்பால் வருகிறது. அதை உணவு என்ற கணக்கில் மட்டும் வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இத்தனை மில்லி, இத்தனை கலோரி என்று எழுதுகிறோம். ஆனால் குழந்தையிடம் இல்லாத ஐஜிஏவைத் தாய் தருகிறாள், அதுவும் சீம்பாலில் மிக அடர்த்தியாக. அந்த ஐஜிஏ பொதுவான சரக்கு கிடையாது. தாயின் குடலும் நுரையீரலும் சந்தித்த கிருமிகளைக் கண்டு பயின்ற பி செல்கள் ரத்தம் வழியாக மார்பகத்துக்குச் சென்று, அங்கே தங்கி அதைத் தயாரிக்கின்றன. ஆகவே அவள் வாழும் சூழலில் என்ன கிருமி உலவுகிறதோ, அதற்கேற்ற காப்பு அவள் பாலில் இருக்கும்.

பாலில் லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒருவகை சிறு சர்க்கரைத் தொடர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இருக்கும் அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. செரிக்கவே முடியாத ஒன்றைத் தாயின் உடல் இவ்வளவு செலவழித்து ஏன் தயாரிக்கிறது? அந்தச் சர்க்கரைகளைத் தின்று வளரும் பாக்டீரியாக்களுக்காகத்தான். அதில் கைதேர்ந்தது பிஃபிடோபாக்டீரியம். பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. அது நோயெதிர்ப்புக்கு என்ன செய்கிறது என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரியத் தொடங்கியிருக்கிறது. பீட்டர் பிரோடினும் சக ஆய்வாளர்களும் 2021-இல் செல் இதழில் எழுதியதன்படி, குடலில் பிஃபிடோபாக்டீரியா குறைவாக இருக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் அழற்சிக்கான அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அதில் ஒரு வகையைக் கொடுத்தபோது, குடலில் அழற்சிக் குறிகள் தணிந்தன. தாய்ப்பாலின் சர்க்கரையை உண்ணும் அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்களோடு சேர்ந்து இண்டோல்-3-லாக்டிக் அமிலம் என்ற பொருள் மலத்தில் கூடியது. அழற்சி டி செல்களின் போக்கை அந்தப் பொருள் திருப்பிவிடுகிறது என்பதும் தெரிந்தது.

பால் செய்யும் இன்னொரு வேலையும் என்னை வியக்க வைக்கிறது. குடலில் சளி சுரக்கும் செல்கள், உள்ளே இருக்கும் பாக்டீரியாப் பொருட்களை நோயெதிர்ப்பு செல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு வழிகளாகவும் செயல்படுகின்றன. சுண்டெலிகளில் பார்த்தால், பிறந்த முதல் நாட்களில் இந்த வழிகள் மூடியே இருக்கின்றன. மூடி வைப்பது தாய்ப்பாலில் இருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி. நாட்கள் போகப்போகப் பாலில் அதன் அளவு குறைகிறது. அப்போது வழிகள் திறக்கின்றன, குட்டியின் நோயெதிர்ப்பு தன் குடலில் வாழும் பாக்டீரியாக்களைச் சந்திக்கிறது, பகை வேண்டாம் என்று கற்கிறது. இந்தச் சந்திப்பு பால் மறக்கும் வயதுக்குச் சற்று முன்னால் நடக்க வேண்டும். தடுத்துவிட்டால், அதே பாக்டீரியாக்களோடு சுமுகமாக இருக்கும் திறன் குலைகிறது. பாடம் எப்போது தொடங்க வேண்டும் என்பதைத் தாயின் பாலே தீர்மானிக்கிறது.

இதற்குக் காலக்கெடு இருக்கிறதா, தவறவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாதா என்ற கேள்விதான் உங்களுக்கு முக்கியம். இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2012-இல் ரிச்சர்ட் புளும்பெர்க்கின் குழு சயின்ஸ் இதழில் எழுதியது: கிருமியில்லாமல் வளர்ந்த சுண்டெலிகளின் பெருங்குடலிலும் நுரையீரலிலும் ஒருவகை டி செல்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகின்றன. அதனால் குடல் அழற்சியும் ஆஸ்துமாவும் கடுமையாகத் தாக்குகின்றன. பிறந்தவுடன் சாதாரண நுண்ணுயிரிகளைக் கொடுத்தால் இது சரியாகிறது. வளர்ந்த பிறகு அதே நுண்ணுயிரிகளைக் கொடுத்தால் சரியாவதில்லை. 2019-இல் இம்யூனிட்டி இதழில் வந்த ஆய்வு பால் மறக்கும் கட்டத்தைப் பார்த்தது. சுண்டெலிக் குட்டி வேறு உணவுக்கு மாறும்போது குடல் பாக்டீரியாக்கள் திடீரென்று பெருகுகின்றன, நோயெதிர்ப்பு ஒருமுறை பொங்கி எழுகிறது, கூடவே அதை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் உருவாகின்றன. இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையே இந்த எழுச்சி நடந்துவிட வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்து அதைத் தடுத்த குட்டிகள், பெரிதானபோது குடல் அழற்சிக்கும், ஒவ்வாமைக்கும், பெருங்குடல் புற்றுக்கும் எளிதில் ஆளாயின.

சுண்டெலியும் மனிதக் குழந்தையும் ஒன்றல்ல, தெரியும். சுண்டெலி பிறக்கும்போது அதன் குடல் மனிதக் குழந்தையின் குடலைவிட முதிர்ச்சி குறைந்தது. நாட்கணக்கை அப்படியே மாற்றிப் போட முடியாது. ஆனாலும் மனிதர்களிடம் கிடைக்கும் தரவுகள் அதே திசையைத்தான் காட்டுகின்றன. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

இனி உங்கள் வார்டுக்கு வருகிறேன்.

முதலில் ஆன்டிபயாடிக். இதைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அமெரிக்காவில் பிரசவ நேரத்தில் தாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் வந்த பிறகு, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் முதல் வாரத்தில் வரும் தொற்று பல மடங்கு குறைந்தது. அந்தக் குழந்தைகள் உயிரோடு இருப்பது ஆன்டிபயாடிக்கால்தான். சந்தேகம் வந்தால் உடனே தொடங்குங்கள். நான் கேட்பது தொடங்கிய பிறகு நடப்பதைப் பற்றி.

ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், உண்மையான கிருமி இருந்தால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் வளர்ந்து காட்டிவிடும். குழந்தையும் நன்றாக இருக்கிறது, கல்ச்சரும் சுத்தமாக இருக்கிறது என்றால் அன்றே நிறுத்திவிடலாம். ஆனால் பல இடங்களில் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து நாள், ஏழு நாள் ஓடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நிறுத்தும் பொறுப்பை யார் எடுப்பது என்ற தயக்கம்தான். அந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையோடு பிறந்த 4,039 குழந்தைகளைப் பார்த்து 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கல்ச்சர் சுத்தமாக இருந்தும் முதல் ஆன்டிபயாடிக்கை ஐந்து நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்த குழந்தைகளிடம், குடல் திசு அழுகும் என்இசி நோயோ மரணமோ கூடுதலாக இருந்தது. அது நடந்ததைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வு மட்டுமே என்பதால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் போதுமானது.

நம்பிக்கை தரும் தரவும் இருக்கிறது. வடக்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள், தாயின் காய்ச்சல், பனிக்குடம் உடைந்த நேரம், குழந்தையின் நிலை ஆகியவற்றை வைத்துத் தொற்று அபாயத்தைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவு 2017-இல் வெளியானது. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகள் 5 விழுக்காட்டிலிருந்து 2.6 விழுக்காடாகக் குறைந்தார்கள். தொற்றுகள் கூடவில்லை, ஆபத்தும் கூடவில்லை. முன்பு மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அது தேவைப்படவே இல்லை என்றுதானே அர்த்தம்!

எந்த மருந்து என்பதும் முக்கியம். நெதர்லாந்தில் 147 குழந்தைகளை மூன்று மருந்துக் கூட்டணிகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை 2022-இல் வெளியானது. பென்சிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்த கூட்டணி குடல் நுண்ணுயிரிகளை மிகக் குறைவாகக் கலைத்தது, அமாக்சிசிலினும் செஃபோடாக்சிமும் சேர்ந்தது மிக அதிகமாகக் கலைத்தது. கலைந்தது சரியாகப் பல மாதங்கள் ஆயின. உங்கள் ஊரின் கிருமிகளுக்கு எது வேலை செய்யும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். இரண்டும் சமமாக வேலை செய்யும் இடத்தில், குடலைக் குறைவாகக் கலைப்பதைத் தேர்ந்தெடுக்கலாமே.

அடுத்தது சிசேரியன். உலகில் பிறக்கும் குழந்தைகளில் 21 விழுக்காட்டினர் இப்படிப் பிறக்கிறார்கள் என்றும், 2030-இல் அது 29 விழுக்காடாகும் என்றும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2019-இல் நேச்சரில் வந்த ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களிடம் தாயின் குடலிலிருந்து வர வேண்டிய பாக்டீராய்டஸ் வகை மிகக் குறைவாக இருந்தது. அந்த இடத்தில் எண்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற, மருத்துவமனைச் சூழலில் சாதாரணமாகக் காணப்படும் பாக்டீரியாக்கள் கூடுதலாக இருந்தன. ஓராண்டுக்குள் வேறுபாடு பெருமளவு குறைந்துவிட்டது.

இந்தச் செய்தி வெளியே போகும்போது தாய்மார்களின் தலையில் குற்ற உணர்வாக இறங்குகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். தேவைப்பட்ட சிசேரியன் இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறது. குடல் நுண்ணுயிரி ஒரு கணக்கு, உயிர் வேறொரு கணக்கு. தேவையற்ற சிசேரியனைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது, தாயின் கையில் பெரும்பாலும் இல்லை. ஆகவே இந்த அறிவை அவளைக் குறைசொல்லப் பயன்படுத்தாதீர்கள். அறுவைக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை அவள் மார்பில் சேர்த்துவிடப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைத் துணியில் எடுத்துக் குழந்தையின் முகத்தில் தடவும் வழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. ஆய்வுக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இலேயே சொல்லிவிட்டது. அதில் ஹெர்பீஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் குழந்தைக்குப் போகலாம். அதைவிட, சிசேரியன் குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போனவை குடலில் வாழும் வகைகள். அவற்றுக்கு வேறு வழி தேடி ஃபின்லாந்தில் ஏழு தாய்மார்களின் குடல் நுண்ணுயிரிகளைக் கவனமாகச் சோதித்துக் குழந்தைக்குக் கொடுத்த சிறு ஆய்வு 2020-இல் வந்தது. அது கடுமையான பரிசோதனைகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் செய்தது. வீட்டில் யாரும் முயலக் கூடாது.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. முதிராத குடலின் மேல்தோலில் பாக்டீரியாவை உணரும் டிஎல்ஆர் 4 என்ற உணரி தூக்கலாக இருக்கிறது. அதனால் சாதாரணக் குடியேற்றமே சில குழந்தைகளிடம் பேரழற்சியாகி என்இசியில் முடியலாம். இந்தக் குழந்தைகளுக்கு முதல் மருந்து தாயின் சொந்தப் பால்தான். அது கிடைக்காதபோது, வேறு தாய்மார்கள் தானமாகத் தரும் கொடைப்பால். பால்பவுடரோடு ஒப்பிட்டால் கொடைப்பால் என்இசி அபாயத்தைக் குறைக்கிறது என்பது பல சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் பாஸ்டர் முறையில் சூடாக்கும்போது அதிலிருக்கும் உயிருள்ள செல்கள் அழிகின்றன, ஐஜிஏவும் குறைகிறது. அதனால் கொடைப்பால் இருக்கிறதே என்று தாய்க்குப் பால் கறந்து தர உதவுவதை விட்டுவிடாதீர்கள். நடு இரவில் பம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தால், அதுவும் நோயெதிர்ப்பில் ஏற்படும் இழப்புதான்.

புரோபயாடிக், அதாவது நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியாக்களை, கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட, நிறைமாதத்தில் அல்லது அதற்குச் சற்று முன் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் வகையையும் அதற்குத் தேவையான சர்க்கரையையும் ஒரு வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். 2017-இல் நேச்சரில் வந்த முடிவு: தொற்றுப் பரவலோ மரணமோ 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. அற்புதமான முடிவு. 2023-இல் அமெரிக்காவில் மருத்துவமனையில் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை, அந்தப் பொருளில் இருந்த பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி இறந்தது. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. இரண்டுமே உண்மை. எந்த வகை, எந்தக் குழந்தைக்கு, யார் தரம் பார்த்தது என்ற மூன்றும் தெரியாமல் கடையில் கிடைப்பதை எழுதித் தருவது கூடாது.

தாயும் சேயும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக வலுவான சான்று, கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த கங்காரு பராமரிப்புச் சோதனை. 2021-இல் வந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் தோலோடு சேர்த்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தார்கள். தொற்றுச் சந்தேகமும் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், சூடு, பால், கவனிப்பு என்று. என் ஊகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தாய் குழந்தையின் அருகிலேயே இருந்தால், அந்த அறையின் கிருமிகளை அவள் குடலும் சந்திக்கும், அதற்கான ஐஜிஏ அவள் பாலில் வரும். வேறு மாடியில் படுத்திருக்கும் தாயின் பால் அந்த அறையைச் சந்தித்ததில்லை.

கடைசியாக ஒன்று, குழந்தை ஐந்தாறு மாதத்தைத் தொடும்போது உங்களிடம் தடுப்பூசிக்கு வருவார்களே, அந்த நேரத்துக்கு. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமை அபாயம் உள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை தர வேண்டாம் என்றது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் கிடியன் லாக்கின் குழு 640 குழந்தைகளிடம் சோதித்துக் காட்டியது: 4 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கித் தொடர்ந்து கொடுத்தால் ஒவ்வாமை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைகிறது. காரணம் முன்னால் சொன்னதோடு தொடர்புடையதுதான். கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி கண்ட தோல் வழியாக அந்தப் புரதத்தை முதலில் சந்தித்தால் உடல் பகையைக் கற்கிறது, குடல் வழியாகச் சந்தித்தால் இணக்கத்தைக் கற்கிறது. தவறென்று தெரிந்ததும் அறிவுரையை மாற்றிக்கொண்ட அந்த அமைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய அறிவுரையை இன்றும் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் முன்பரிசோதனை தேவை. மற்றவர்களைத் தேவையில்லாமல் காத்திருக்க வைக்காதீர்கள். முழுக் கடலையாகக் கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கிவிடும், மசித்தோ கரைத்தோதான் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, நடைமுறையில் என்ன மாற்ற வேண்டும்? ஆன்டிபயாடிக் தொடங்கும் தாளிலேயே 36-ஆம் மணி நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் நிறுத்துவதா தொடர்வதா என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். தொடர்ந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். நிறுத்திய இளம் மருத்துவரை, பின்னால் ஏதாவது நடந்துவிட்டால் தனியாக விட்டுவிடாதீர்கள். நெறிமுறை அவருக்குத் துணையாக நிற்க வேண்டும். முதல் பால் எத்தனை மணிக்கு, யாருடையது என்று பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு அனுப்பும் தாளில் எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், ஏன் என்று பெற்றோருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைக்கு ஒவ்வாமையோ குடல் அழற்சியோ வந்தால், அந்தத் தகவல் இன்று பெரும்பாலானவர்களிடம் இல்லை. அது இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் மனிதர்களிடம் எதையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

இவற்றில் எதற்கும் புதிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ வேண்டாம். உங்கள் அடுத்த நெறிமுறைக் கூட்டத்தில், முதலில் அந்த 36 மணி நேர விதியை மட்டுமாவது எடுத்துப் பேசுங்கள். அதைப் பற்றி உங்கள் மருத்துவமனையின் சொந்தக் கணக்கு என்ன, கல்ச்சர் சுத்தமாக வந்த பிறகும் எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை நாள் மருந்து ஓடியது என்பதை எண்ணிப் பார்த்து, அந்த எண்ணைப் பெற்றோர் உட்பட எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு நோயெதிர்ப்பியல் ஆசிரியர்